மூன்றாவது வரைவு

காட்டெருமை முட்டியது விடிகாலை ஐந்தே முக்காலுக்கு.
எனக்குப் போன் வந்தது ஆறு பத்துக்கு.
ஆம்புலன்ஸை யார் கூப்பிட்டார்கள் என்று
நான் கேட்கவில்லை.
குரியன் சார் கேட்டதும் ஒன்றுதான்:
"பேப்பர்காரங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா, ஹில்டா?"

என் அட்டையில் அச்சடித்திருக்கிறது
மக்கள் தொடர்பு அலுவலர் என்று.
பச்சை எழுத்து. ஓரத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும்.
பத்து வருடத்தில் ஆயிரம் அட்டை தீர்ந்திருக்கும்.
கீழ் டிவிஷன் லைன் வீடுகளில்
ஒருவரிடமும் ஒன்றை நீட்டியதில்லை.

முதல் வரைவு:
"தேயிலைத் தோட்டத்தில் பெண் தொழிலாளி படுகாயம்."
அடித்தார்.
"தோட்டத்தில் எதுக்கு? தோட்டத்துக்கு அருகில்."
பாதை நம்முடையது, சார்.
"மாடு நம்முடையது இல்லையே."
அதுவும் சரிதான்.
ஆனால் அதே மாட்டைப் போன சீசனில் புகழ்ந்திருக்கிறேன்,
விருந்தினர் பங்களா விளம்பரத்தில்:
உங்கள் ஜன்னலோரம் காடு நடந்து வரும்.

இரண்டாவது வரைவில் ஆளே இல்லை.
"அசம்பாவிதம் குறித்து நிர்வாகம் வருந்துகிறது.
உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது."
யார் எடுக்கிறார்கள், எங்கிருந்து வருகிறது?
இந்தப் 'படு'வைக் கண்டுபிடித்தவனுக்கு
எங்கள் தொழிலில் ஒரு சிலை வைக்கலாம்.
படுகாயத்தில் இருக்கிற படு வேறு.
அதற்கு ஆள் உண்டு.

ஆள்: பரிபூரணம். நாற்பத்தாறு வயது.
இடுப்பெலும்பு, மூன்று விலா.
கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரி,
ஜன்னலிலிருந்து இரண்டாவது கட்டில்.
நான், ஒரு கூடை ஆரஞ்சு, போட்டோகிராபர் போஜராஜ்.
"அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றான்.
அவள் சுவரைப் பார்த்தே கிடந்தாள்.
பதினேழு படம். பதினேழிலும்
என் சிரிப்பு, ஆரஞ்சு, ஒரு பின்னந்தலை.

கிளம்பும்போது
சுவரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்:
"அந்த வளைவுல லைட்டு கேட்டு லெட்டர் குடுத்தமே,
அது ஒங்ககிட்டதான் வந்துச்சாம்மா?"

வந்தது.
தையில் ஒன்று, பங்குனியில் ஒன்று,
மழை பிடிக்கும் முன்னால் ஒன்று.
மஸ்டர் கொட்டகைக்கு ஏறும் வளைவில்
ஒரே ஒரு விளக்கு.
நாற்பத்தொரு கையெழுத்து, ஆறு கைநாட்டு.
'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தியது நான்.
அங்கேயும் அந்தப் படு.

மூன்றாவது வரைவு இரண்டே வாக்கியம்:
"விளக்கு கேட்டு மூன்று முறை எழுதினார்கள்.
நாங்கள் படித்தோம்."

குரியன் சார் கோபப்படவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மகளுக்குக் காலேஜ் எப்போது முடிகிறது என்று விசாரித்தார்.
பிறகு இரண்டாவது வரைவைத் தேடி எடுத்துக்
கையெழுத்துப் போட்டார்.
அதைத்தான் குன்னூருக்கு அனுப்பினேன்.
நான்தான் அனுப்பினேன்.

நிருபர் இப்ராஹிம் போன் செய்தார்.
"மேடம், சேர்க்க ஏதாச்சும் இருக்கா?"
மழையில் லைன் கரகரத்தது.
"பரிபூரணத்தைப் போய்ப் பாருங்க.
ஜன்னல்லேருந்து ரெண்டாவது கட்டில்.
கேமரா வேண்டாம்."
போனாரா தெரியாது.
நாலாம் பக்கத்தில் நாலு வரி வந்தது,
என் வாக்கியம், அட்சரம் பிசகாமல்.

ஆறாம் நாள் கம்பம் நட்டார்கள்.
யார் சொல்லி என்று எனக்குச் சொல்லவில்லை.
அதற்கும் ஒரு குறிப்பு எழுதினேன்:
தொழிலாளர் நலனில் என்றும் அக்கறையோடு.
குரியன் சார் சுவிட்சை அழுத்துகிற படம்
நன்றாக வந்திருந்தது.

நேற்று ராத்திரி ஏழரைக்கு
ஒரு கட்டு அட்டையை ஸ்வெட்டர் பையில் திணித்துக்கொண்டு
கீழ் டிவிஷனுக்கு இறங்கினேன்.
என்ன பேசுவது என்று தயாரிக்கவில்லை.
இந்த வேலைக்கு வந்தபின்
தயாரிக்காமல் போகும் முதல் இடம்.

வளைவில் விளக்கு எரிந்தது.
பனிமூட்டம் அதைச் சுற்றி மஞ்சளாய் ஊறியிருந்தது.
அதனடியில் நின்றது அது,
வெள்ளைக் காலுறை நாலும் தெரிய,
புல்லை மென்றபடி, அவசரமில்லாமல்.
தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

கையில் எடுத்த அட்டையோடு
அது முதலில் நகரட்டும் என்று
நின்றுகொண்டிருந்தேன்.